பாடம் 3: நேற்றா, இன்றா, நாளையா? – சிங்கள வினைச்சொற்களில் காலம்

தற்காலிகக் கூடாரங்களில் தங்கியிருந்த குடும்பங்களுக்கான கூட்டம் ஒன்றில் நான் மொழிபெயர்ப்புக்கு உதவிக்கொண்டிருந்தேன். வந்திருந்த உத்தியோகத்தர், "அப்பி கெவல் ஹதலா தெனவா" என்றார். நான் தமிழில் சொல்வதற்குள் பக்கத்தில் இருந்த பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "வீடு கட்டி முடிச்சிட்டாங்களாம் புள்ள!"

அவருக்குச் சிங்களம் தெரியாமல் இல்லை. "ஹதலா" என்றால் "கட்டி" என்று சரியாகவே விளங்கியிருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் வந்த "தெனவா" என்ற சொல்லை அவர் கவனிக்கவில்லை. உத்தியோகத்தர் சொன்னது, "நாங்கள் வீடு கட்டித் தருவோம்" என்பதுதான். அன்று அத்திவாரம்கூட வெட்டப்பட்டிருக்கவில்லை.

சப்ரகமுவ தோட்டங்களில் பலருக்கும் பேச்சுச் சிங்களம் பழக்கம்தான். கடையிலும் பஸ்ஸிலும் அது போதும். ஆனால் வீடு, காணி, நட்டஈடு என்று வரும்போது வினைச்சொல்லின் கடைசி எழுத்துகள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. இந்தப் பாடம் அந்தக் கடைசி எழுத்துகளைப் பற்றியது.

1. முதலில் ஒரு நல்ல செய்தி

தமிழில் ஆளுக்கு ஏற்ப வினை மாறும்: பார்க்கிறேன், பார்க்கிறாய், பார்க்கிறார், பார்க்கிறோம். பேச்சுச் சிங்களத்தில் இந்தச் சிரமம் இல்லை. "மம பலனவா" என்றால் நான் பார்க்கிறேன். "ஒயா பலனவா" என்றால் நீங்கள் பார்க்கிறீர்கள். "எயா பலனவா" என்றால் அவர் பார்க்கிறார். ஆள் மாறினாலும் வினை மாறவில்லை. மாறுவது காலம் மட்டுமே.

2. ஒலி பற்றி ஒரு குறிப்பு

"பலனவா" என்பதில் உள்ள ப, "பயம்" என்று சொல்லும்போது வரும் ப. "தெனவா" என்பதில் உள்ள த, "தயவு" என்பதில் வரும் த. "கெவல்" என்பதில் உள்ள க, "கவனம்" என்பதில் வரும் க. இறந்தகாலச் சொற்களின் தொடக்கத்தில் அ-வுக்கும் எ-வுக்கும் இடைப்பட்ட ஒலி ஒன்று வரும். அதை இங்கே எ என்று எழுதியுள்ளோம். பாடசாலையில் சிங்களம் இரண்டாம் மொழியாகப் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

3. "-அனவா" என முடியும் வினைகள்

ஒழுங்கான வினைகளில் பெரும்பாலானவை இந்த வகை. நிகழ்காலம், இறந்தகாலம், "செய்து" என்ற எச்சம், "நான் செய்கிறேன்" என்று வாக்குக் கொடுக்கும் வடிவம் என்ற வரிசையில் படியுங்கள்.

பார்: பலனவா – பெலுவா – பலலா – பலன்னம்
கட்டு: ஹதனவா – ஹெதுவா – ஹதலா – ஹதன்னம்
கொழுந்து பறி, உடை: கடனவா – கெடுவா – கடலா – கடன்னம்
இறப்பர் பால் வெட்டு: கப்பனவா – கெப்புவா – கப்பலா – கப்பன்னம்

இறந்தகாலத்தில் இரண்டு மாற்றங்கள் நடக்கின்றன. முதல் எழுத்தின் அ, எ-வாகிறது. கடைசியில் "உவா" சேர்கிறது. இந்த இரண்டும் காதில் விழுந்தால் வேலை முடிந்துவிட்டது என்று பொருள்.

4. "-எனவா" என முடியும் வினைகள்

இவை யாரும் செய்யாமல் தானாக நடப்பதைச் சொல்லும் வினைகள்.

உடைதல்: கெடெனவா – கெடுனா – கெடிலா
வெடித்தல், பிளத்தல்: பெலெனவா – பெலுனா – பெலிலா
கிடைத்தல்: லெபெனவா – லெபுனா – லெபிலா

இங்கே இறந்தகாலம் "உனா" என்றும், எச்சம் "இலா" என்றும் முடிகிறது.

சேத விபரம் எழுத வருபவரிடம் பேசும்போது இந்த இரு வகைகளையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. "பித்திய கெடுனா" என்றால் சுவர் உடைந்தது. "பித்திய கெடுவா" என்றால் சுவரை உடைத்தேன், அல்லது உடைத்தார்கள். ஓர் எழுத்து மாறினால், மழையில் விழுந்த சுவரை நீங்களே இடித்ததாக ஆகிவிடும்.

5. எதிர்காலத்துக்குத் தனிச் சொல் உண்டா?

தமிழில் "தருகிறார்" வேறு, "தருவார்" வேறு. சிங்களத்தில் "தெனவா" இரண்டுக்கும் பொதுவானது. எனவே ஒரு வாக்குறுதியைக் கேட்கும்போது இந்தப் படிகளை நினைவில் வையுங்கள்:

தெயி – தரக்கூடும்
தென்னம் – நான் தருகிறேன் (பேசுபவரின் சொந்த வாக்கு)
தெனவா – தருகிறோம், தருவோம்
துன்னா – தந்தாயிற்று

நான்கில் கடைசி ஒன்றுதான் நடந்து முடிந்த விடயம். (தெனவா–துன்னா ஒழுங்கில் அடங்காத வினை. போதல்: யனவா–கியா. வருதல்: எனவா–ஆவா. இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டும்.)

"தெனவா" என்று கேட்டவுடன் மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: "கவதாத?" எப்போது என்று பொருள். பதில் "ஹெட்ட" என்றால் நாளை. திகதி சொன்னால் எழுதி வையுங்கள்.

6. எச்சத்துக்குப் பின் வரும் சொல்

பாட்டி தவறவிட்ட இடம் இதுதான். தமிழில் "கட்டி" என்று மட்டும் கேட்டால் பொருள் முடியாது. கட்டித் தருவார்களா, கட்டி இருக்கிறதா, கட்டி முடியவில்லையா என்பதைப் பின்னால் வரும் சொல்தான் சொல்லும். சிங்களமும் அப்படியே:

ஹதலா தெனவா – கட்டித் தருவோம்
ஹதலா தியெனவா – கட்டி இருக்கிறது
தாம ஹதலா நே – இன்னும் கட்டவில்லை

வசனம் முடியும்வரை காத்திருங்கள். கடைசிச் சொல்லில்தான் காலம் இருக்கிறது.

7. ஆபத்து நேரத்தில்

2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவின் சாமசர மலையும், புலத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டமும் மண்சரிவுக்கு உள்ளானதை நாம் மறக்கவில்லை. அடுத்த ஆண்டு மே மாத இறுதியில் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் பாதிக்கப்பட்டது. நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று ஆகியவை மண்சரிவின் முன்னறிகுறிகள். இவற்றைக் கண்டால் முதலில் குடும்பத்தோடு வெளியேறுங்கள். பிறகு கிராம உத்தியோகத்தருக்கோ, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கோ அறிவியுங்கள்.

"பித்திய பெலிலா" – சுவர் வெடித்திருக்கிறது.
"ஈயே பெலுனா. தெனுத் பெலெனவா." – நேற்று வெடித்தது. இப்போதும் வெடித்துக்கொண்டிருக்கிறது.

பழைய வெடிப்பும் வளர்ந்துகொண்டிருக்கும் வெடிப்பும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டைக் கேட்பவருக்குச் சொல்வது "உனா"வும் "எனவா"வும்தான். இங்கே வரும் ப, "பாறை" என்பதில் உள்ள வன்மையான ப. மென்மையாகச் சொன்னால் "பெலுவா", அதாவது "பார்த்தேன்" என்று கேட்டுவிடும்.

8. கையொப்பத்துக்கு முன்

எழுத்துச் சிங்களம் பேச்சுச் சிங்களத்திலிருந்து வேறுபட்டது. அதில் தமிழைப் போலவே ஆளுக்கு ஏற்பவும் வினை மாறும்: நான் போகிறேன் என்பது "யமி", அவர்கள் போகிறார்கள் என்பது "யதி". ஆகவே பேச்சு விளங்குவதால் கடிதமும் விளங்கும் என்று நினைக்க வேண்டாம். "லெபுணு பவ" என்று ஒரு படிவத்தில் இருந்தால், "கிடைத்தது என்பதை" என்று பொருள். பொருளோ பணமோ கைக்கு வந்த பின்னரே அதில் ஒப்பமிடுங்கள். வரவில்லை என்றால், "தாம லெபிலா நே" – இன்னும் கிடைக்கவில்லை – என்று சொல்லுங்கள்.

விளங்கவில்லை என்று சொல்வதில் வெட்கம் இல்லை: "மட்ட தேருனே நே." 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் பகுதியிலும் அரச அலுவலகத்துடன் தமிழில் தொடர்புகொண்டு பதில் பெற அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தருகிறது. இந்த உரிமை மீறப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். சிங்களம் கற்பது அந்த உரிமையை விட்டுக்கொடுப்பது ஆகாது. கூட்டத்தில் நேருக்கு நேர் பேசப்படுவதை நீங்களே விளங்கிக்கொள்வதற்குத்தான் இந்தப் பாடம்.

பயிற்சி

கீழுள்ளவற்றில் எது நடந்து முடிந்தது, எது இனி நடக்க வேண்டியது?

அ) சல்லி லெபுனா.
ஆ) ஹெட்ட லெபெனவா.
இ) கெவல் ஹதலா தியெனவா.
ஈ) மம ஹதன்னம்.
உ) தாம ஹதலா நே.

விடைகள்: அ – பணம் கிடைத்தது, முடிந்தது. ஆ – நாளை கிடைக்கும், இனித்தான். இ – வீடுகள் கட்டப்பட்டிருக்கின்றன, முடிந்தது. ஈ – நான் கட்டுகிறேன், வாக்கு மட்டுமே. உ – இன்னும் கட்டவில்லை, இனித்தான்.

அந்தப் பாட்டி அடுத்த கூட்டத்துக்கும் வந்திருந்தார். உத்தியோகத்தர் "தெனவா" என்று முடித்ததும், முன்வரிசையிலிருந்து முதலில் எழுந்த குரல் அவருடையதுதான்: "கவதாத மாத்தயா?"