பூங்கா நிலமும் பொதுநலனும்

பெங்களூரின் கண்டீரவா விளையாட்டரங்கம் முன்னாளில் சம்பங்கி ஏரியாக இருந்த இடத்தில் அமைந்துள்ளது. கரகத் திருவிழாவின் பொருட்டுச் சிறு குளமொன்று மட்டும் அங்கே எஞ்சியிருக்கிறது. விளையாட்டரங்கம் நகருக்குத் தேவையானதே. எனினும், நோக்கம் நன்றாயிருந்தால் எந்தத் திறந்தவெளியையும் எடுத்துக்கொள்ளலாமா என்ற வினா எழுகிறது.

இதற்கு விடை, விளையாட்டைச் சாராத வேறொரு வழக்கில் கிடைத்தது. ராஜ்மகால் விலாஸ் விரிவுப் பகுதித் திட்டத்தில் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தை, 1976-இல் முதலமைச்சரின் பணிப்பின்பேரில், பெங்களூர் வளர்ச்சிக் கழகம் தனியார் மருத்துவ அறக்கட்டளையொன்றுக்கு வழங்கியது. அப்பகுதி மக்கள் வழக்குத் தொடுத்தனர். உயர் நீதிமன்றத் தனி நீதிபதி அதனை ஏற்கவில்லை. இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு ஏற்றது. 1991 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அறக்கட்டளையின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

மருத்துவமனை வேண்டாத ஒன்று என்று நீதிமன்றம் கூறவில்லை. மாணவர் இதனை மறந்துவிடக் கூடாது. பூங்காவும் மருத்துவமனையும் தனித்தனித் தேவைகள். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க இயலாது. கழகத்திற்குப் பணிப்புரை வழங்கும் அரசின் அதிகாரம், சட்டத்தின் நோக்கங்களை நிறைவேற்றுவதற்கே உரியது. சட்டப்படி வகுத்த திட்டத்தை ஒருவர் விருப்பத்தால் மாற்றுவதற்கன்று. பூங்காவை இழப்பவர் அப்பகுதியில் வாழ்வோராதலின், வழக்காடும் உரிமையும் அவர்களுக்கு உண்டு.

கர்நாடகத்தின் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளி ஆகிய மூன்றையும் பாதுகாக்க இயற்றப்பட்டது. ஆகவே விளையாட்டின் பெயரால் ஒரு திட்டம் வரும்போது அலுவலர் முதலில் பார்க்கவேண்டியது வரைபடத்தில் அந்நிலத்திற்கு இட்ட பெயரை. அடுத்து, கட்டடம் எழுந்தபின் அதன் வாயில் யாருக்குத் திறந்திருக்கும் என்பதை.