30% வட்டி எங்கிருந்து வரும்? ஆரணிப் பட்டுப்புடவையை வச்சு குழந்தைக்கு ஒரு பணப்பாடம்



"குழந்தைக்கு பணத்தைப் பத்தி எப்போ சொல்லிக் கொடுக்கணும்?" இந்தக் கேள்வி நம்ம சேனல்ல அடிக்கடி வரும். பெரும்பாலும் கேக்கறவங்க 28, 30 வயசுல இருக்கற, இப்பதான் ஒரு குழந்தைக்கு அப்பா அம்மா ஆன சம்பளக்காரங்க. உண்டியல் வாங்கிக் கொடுக்கறோம், செல்வமகள் கணக்கு ஆரம்பிக்கறோம். ரெண்டும் நல்ல விஷயம்தான். ஆனா சேமிக்கக் கத்துக்கிட்ட பிள்ளை, சேமிச்சதை மொத்தமா ஒரு மோசடிக்காரன் கையில கொடுத்துட்டா என்ன பண்றது?

2022ஐ ஞாபகப்படுத்திக்கங்க. சென்னை அமைந்தகரையைத் தலைமையிடமா வச்சு நடந்த ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனத்துல அந்த வருஷம் மே மாசம் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ் சோதனை நடத்தினாங்க. மாசம் 25 முதல் 30 சதவீதம் வட்டின்னு சொல்லி, ஒரு லட்சத்துக்கும் அதிகமான பேர்கிட்ட சுமார் 2,438 கோடி ரூபாய் வசூல் பண்ணினாங்கன்னு வழக்கு. அதே வருஷம் வேலூர் பக்கம் எல்.என்.எஸ். இன்டர்நேஷனல் பைனான்சியல் சர்வீசஸ், சுருக்கமா ஐ.எஃப்.எஸ். மேலயும் வழக்கு. அங்க வாக்குறுதி மாசம் 6 முதல் 10 சதவீதம்.

பணம் போட்டவங்க எல்லாம் படிக்காதவங்க இல்ல. வாத்தியார், ஐ.டி. ஊழியர், அரசு ஊழியர்னு எல்லாரும் இருந்தாங்க. சதவீதக் கணக்கு எல்லாருக்கும் தெரியும். "இந்தப் பணம் எங்கிருந்து வருது?"ன்னு கேக்கற பழக்கம்தான் இல்லாமப் போச்சு. அந்தப் பழக்கத்தைப் பிள்ளைக்கு எப்படி கொண்டு வர்றதுன்னுதான் இந்தப் பதிவு. பாடப்புத்தகமா ஒரு ஆரணிப் பட்டுப்புடவையை எடுத்துக்கலாம்.

பாடம் 1: பணம் எங்கிருந்து வருது?

திருவண்ணாமலை மாவட்டத்துல ஆரணி, பக்கத்துல சேவூர், தேவிகாபுரம்னு போனீங்கன்னா வீட்டுக்குள்ளயே தறி இருக்கும். பாவு ஓட்டி, ஊடை போட்டு, ஒரு புடவை இறங்க ஒரு வாரமும் ஆகலாம், டிசைனைப் பொறுத்து இன்னும் அதிகமும் ஆகலாம். பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகாவுல இருந்து வரும். சரிகை சூரத்துல இருந்து வரும். நிறைய நெசவாளர்களுக்கு சொந்த முதல் கிடையாது. முதலாளி பாவும் நூலும் கொடுப்பார், புடவை முடிஞ்சதும் கூலி.

8 வயசுப் பிள்ளையை உக்கார வச்சு, 15,000 ரூபாய் புடவை ஒண்ணைக் காட்டி, "இதுல யாருக்கு எவ்வளவு போகும்?"னு கேளுங்க. உதாரணத்துக்கு நான் எடுத்துக்கற எண்கள் இது:

- பட்டு நூல், சரிகை: 7,500
- சாயம், பாவு தயாரிக்கற செலவு: 500
- நெசவுக் கூலி: 3,500
- முதலாளி லாபம்: 1,000
- கடை வாடகை, ஆள் சம்பளம், கடைக்காரர் லாபம்: 1,800
- ஜி.எஸ்.டி. 5%: சுமார் 700

இப்ப முதலாளி பக்கம் மட்டும் பாருங்க. அவர் போட்ட காசு 11,500. லாபம் 1,000. நூல் வாங்கி, நெஞ்சு, கடைக்குக் கடன்ல கொடுத்து, காசு திரும்ப 3 மாசம் ஆகும்னு வச்சுக்கங்க. மூணு மாசத்துக்கு சுமார் 8.7%. மாசத்துக்கு 3% கூட வரல. அதுலயும் அவர் சொந்த செலவு, விக்காம தேங்கின சரக்கு எதையும் நான் கழிக்கல.

இப்ப பிள்ளைகிட்ட கேளுங்க: "உண்மையா தறி ஓட்டி, உண்மையா புடவை வித்தா மாசம் 3% கூட வரல. ஒருத்தர் எனக்கு மாசம் 30% தர்றேன்னு சொல்றார். அவர் அதைவிட எவ்வளவு அதிகமா சம்பாதிக்கணும்?" பிள்ளையே சொல்லிடும், பத்து மடங்குக்கு மேலன்னு. "அப்படி சம்பாதிக்கத் தெரிஞ்சவருக்கு நம்ம பணம் எதுக்கு?" இந்தக் கேள்வியும் அதுவாவே வரும். கொஞ்சம் பொறுமையா இருங்க, நீங்க சொல்லிடாதீங்க.

பாடம் 2: 100 ரூபாய் கணக்கு

இது 11, 12 வயசுப் பிள்ளைக்கு. கால்குலேட்டரைக் கையில கொடுங்க. 100 ரூபாயை 1.3 ஆல பெருக்கச் சொல்லுங்க. அதுதான் ஒரு மாசம் 30%. கிடைச்ச வட்டியை மறுபடி அதுலயே போடறோம். இப்படியே 12 தடவை.

ஒரு வருஷத்துல 100 ரூபாய், சுமார் 2,330 ரூபாய் ஆகும். ரெண்டு வருஷத்துல சுமார் 54,000. அஞ்சு வருஷத்துல? சுமார் 68 கோடி! வெறும் 100 ரூபாய் நோட்டு ஒண்ணு.

பிள்ளை சிரிக்கும். சிரிக்கட்டும். "நடக்கவே முடியாது"ன்னு ஒரு தடவை சிரிச்சுட்டா, நாளைக்கு யாராவது மீட்டிங் ஹால்ல கோட்டு சூட்டு போட்டு இதையே சொல்லும்போது அந்தச் சிரிப்பு ஞாபகம் வரும். ஒப்பிட்டுக் காட்ட வங்கி டெபாசிட்டையும் போட்டுப் பாருங்க. 7% வட்டின்னா ஒரு லட்சத்துக்கு வருஷத்துக்கு 7,000 ரூபாய். அந்த 30% திட்டம் சொல்றது மாசத்துக்கே 30,000.

பாடம் 3: மிட்டாய் கம்பெனி

"சரி, முடியாதுன்னா முதல் சில மாசம் எப்படி ஒழுங்கா கொடுத்தாங்க?" நல்ல கேள்வி. இதுக்கு ஒரு விளையாட்டு. நாலு பிள்ளைங்க, ஆளுக்கு 10 மிட்டாய். நீங்கதான் கம்பெனி.

முதல்ல ரெண்டு பேர் மட்டும் சேரட்டும். 20 மிட்டாய் உங்க கையில. "இதை வச்சு தறி வாங்கப் போறேன். ஒவ்வொரு சுத்துக்கும் ஆளுக்கு 3 மிட்டாய் தருவேன்"னு சொல்லுங்க. முதல் சுத்துல 6 கொடுத்தா மீதி 14. ரெண்டாவது சுத்துல மீதி 8. மூணாவது சுத்துல மீதி 2. அந்த ரெண்டு பிள்ளைங்களும் சந்தோஷத்துல, "நீங்களும் சேருங்க, கரெக்டா கொடுக்கறாங்க"ன்னு மத்தவங்களைக் கூப்பிடும்.

அடுத்த ரெண்டு பேர் சேர்றாங்க. கையில 22. நாலாவது சுத்துல நாலு பேருக்கும் 12 கொடுத்தாச்சு, மீதி 10. அஞ்சாவது சுத்துக்கு 12 வேணும். இருக்கறது 10தான். கடையை மூடிட்டு அந்த 10 மிட்டாயோட கிளம்பிடுங்க!

இப்ப கணக்கு பாருங்க. முதல் ரெண்டு பேர் 10 கொடுத்து 12 வாங்கினாங்க, ஆளுக்கு 2 லாபம். அடுத்த ரெண்டு பேர் 10 கொடுத்து 3 வாங்கினாங்க, ஆளுக்கு 7 நஷ்டம். மொத்த நஷ்டம் 14. அதுல 4 முதல்ல சேர்ந்தவங்ககிட்ட, 10 கம்பெனிகிட்ட. கணக்கு டேலி ஆகுது. நடுவுல தறி ஒரு தடவையாவது ஓடுச்சா? இல்ல.

இந்தப் பாடத்துல முக்கியமான இடம் இனிமேதான். லாபம் பார்த்த ரெண்டு பிள்ளைங்ககிட்ட கேளுங்க: "உங்க கையில இருக்கற அந்த ரெண்டு மிட்டாய் யாரோடது?" பதில் சொல்ல கஷ்டமா இருக்கும். நிஜத்துலயும் அப்படித்தான். முதல்ல சேர்ந்து வட்டி வாங்கினவங்க மச்சானைச் சேர்த்தாங்க, ஆபீஸ் நண்பரைச் சேர்த்தாங்க, கமிஷனும் வாங்கினாங்க. "நான் ஏமாத்தலையே, எனக்கும் தெரியாதே"ன்னு சொன்னாலும், கைக்கு வந்த காசு இன்னொருத்தர் போட்ட காசுதான். ஏமாறாம இருக்கறது பாதிப் பாடம். தெரியாத ஒண்ணுல அடுத்தவங்களை இழுத்து விடாம இருக்கறது மீதிப் பாடம்.

பாடம் 4: பேர் ஒண்ணு, உள்ள இருக்கறது ஒண்ணா?

மறுபடி புடவைக்கு வருவோம். வெள்ளி, தங்கம் கலந்த அசல் சரிகையும் இருக்கு, செம்புல செஞ்ச விலை குறைஞ்ச சரிகையும் இருக்கு. விலை குறைஞ்ச சரிகை போட்ட புடவையை, "இது இந்தச் சரிகைதான், அதனாலதான் இந்த விலை"ன்னு சொல்லி வித்தா அதுல தப்பே இல்ல. அதையே அசல்னு சொல்லி அசல் விலைக்கு வித்தாதான் மோசடி. விசைத்தறில நெஞ்சதை கைத்தறின்னு விக்கறதும் இதே கதைதான். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைக்குப் புரிய வச்சுட்டா நேர்மைக்கு வேற விளக்கம் தேவையில்ல.

கூடவே சோதிக்கவும் கத்துக் கொடுங்க. சுத்தமான பட்டான்னு தெரிஞ்சுக்க சில்க் மார்க் லேபிள் இருக்கான்னு பாருங்க, அது மத்திய பட்டு வாரியத்தோட ஏற்பாடு. புடவை ஓரத்துல ஒரு இழை எடுத்து நீங்களே எரிச்சுக் காட்டுங்க. பட்டுன்னா முடி கருகற வாசனை வரும், சாம்பல் விரல்ல நசுங்கும். பாலியஸ்டர்னா உருகி கெட்டியான மணி மாதிரி நிக்கும். "அழகா பேசறாங்க, பெரிய கடை வச்சிருக்காங்க" இதெல்லாம் சோதனை ஆகாது. இழையை எடுத்துப் பாக்கறதுதான் சோதனை.

நிதித் திட்டத்துக்கும் இழை இருக்கு. ஏலச்சீட்டா? 1982 சிட் ஃபண்ட்ஸ் சட்டத்துல பதிவு இருக்கா? டெபாசிட்டா? ரிசர்வ் வங்கியோ வேற ஒழுங்குமுறை அமைப்போ அனுமதிச்சதா? ரிசர்வ் வங்கியோட சசெட் தளத்துல போய்ப் பாக்கலாம், புகாரும் கொடுக்கலாம். அனுமதி இல்லாம பொதுமக்கள்கிட்ட டெபாசிட் வாங்கறதே 2019 சட்டப்படி குற்றம். தெருவுல நடக்கற தீபாவளிச் சீட்டுக்கும் இதே கேள்வியைக் கேளுங்க. "தெரிஞ்சவங்கதான்"ங்கறது பதிவு எண் இல்ல.

டீன் ஏஜ் பிள்ளை இருந்தா

ரிசர்வ் வங்கி விதிப்படி 10 வயசுக்கு மேல பிள்ளைங்க தனியா இயக்கற சேமிப்புக் கணக்கை வங்கிகள் அனுமதிக்கலாம். கணக்கு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நாலு விஷயம் சொல்லிடுங்க:

1. பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்ல. யூபிஐ பின் போட்டா பணம் வெளியதான் போகும்.
2. ஓடிபி யாருக்கும் சொல்லக்கூடாது. போலீஸ்னு சொன்னாலும் சரி, வங்கின்னு சொன்னாலும் சரி. வீடியோ கால்ல கைது பண்ற "டிஜிட்டல் அரெஸ்ட்"னு ஒண்ணு சட்டத்துலயே கிடையாது.
3. "உன் அக்கவுண்ட்டைக் கொஞ்ச நாள் கொடு, மாசம் 5,000 தர்றோம்"னு யார் கேட்டாலும் வேண்டாம். மோசடிப் பணம் அந்த வழியாத்தான் போகும். கேஸ் வந்தா கணக்கு வச்சிருக்கற மாணவன் பேர்லதான் வரும்.
4. தப்பு நடந்துடுச்சுன்னா உடனே வீட்டுல சொல்லணும்.

நாலாவதுதான் ரொம்ப முக்கியம். பணம் போனதும் 1930க்கு எவ்வளவு சீக்கிரம் கூப்பிடறோமோ, அவ்வளவு தூரம் அதை நடுவுல நிறுத்த வாய்ப்பு இருக்கு. திட்டு விழும்னு பயந்து பிள்ளை ரெண்டு நாள் மறைச்சா அந்த வாய்ப்பு போயிடும். அதனால இன்னிக்கே சொல்லிடுங்க: "என்ன ஆனாலும் முதல்ல என்கிட்ட வா. திட்ட மாட்டேன்." சொன்னா காப்பாத்தணும்.

கடைசியா, நம்ம பக்கம்

இவ்வளவும் சொல்லிட்டு ஜனவரி மாசம் ஆபீஸ்ல ப்ரூஃப் கேக்கும்போது நாம என்ன பண்றோம்? குடியிருக்காத வீட்டுக்கு வாடகை ரசீது. பக்கத்துலயே பிள்ளை உக்காந்து, "அப்பா, நாம சொந்த வீட்டுலதானே இருக்கோம்?"னு கேக்கும். "அதெல்லாம் உனக்குப் புரியாது"ம்போம். ஆனா அதுக்கு நல்லாவே புரியும்.

சி.ஏ.வா சட்டத்தையும் சொல்லிடறேன். பொய்யான விவரம் கொடுத்து வருமானத்தைக் குறைச்சுக் காட்டினா, தப்பிச்ச வரியில 200% வரைக்கும் அபராதம் வரும், வட்டி தனி. அப்பா அம்மா வீட்டுல இருந்து நிஜமாவே அவங்க அக்கவுண்ட்டுக்கு வாடகை அனுப்பி, அவங்க அதை வருமானமா காட்டினா அது நேர்மையான வழி. அந்த வழி இருக்கும்போது பொய் ரசீது எதுக்கு? பஸ்ல அரை டிக்கெட்டுக்காக பிள்ளை வயசைக் குறைக்கறதும், கடைக்காரர் தவறுதலா கூட கொடுத்த 50 ரூபாயைச் சத்தமில்லாம பாக்கெட்ல போடறதும் இதே வகைதான். பிள்ளைக்கு நாம எடுக்கற பாடம் ஒரு மணி நேரம்தான். நம்மளைப் பாத்து அது படிக்கறது தினமும் நடக்குது.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை பண்ணுங்க. இந்த நாலு கேள்வியை ஒரு பேப்பர்ல எழுதி பிரிட்ஜ் மேல ஒட்டுங்க:

- இந்தப் பணம் எங்கிருந்து வருது?
- இவங்க எங்க பதிவு பண்ணியிருக்காங்க?
- நான் கேட்டா அசல் எப்போ திரும்பக் கிடைக்கும்?
- ஆள் சேர்த்தா காசு தர்றாங்களா?

நாலாவதுக்கு "ஆமாம்"னு பதில் வந்தா உஷாராகி அங்கேயே நிறுத்திடுங்க. யாராவது ஏற்கெனவே பணம் போட்டு மாட்டியிருந்தா வெக்கப்பட வேண்டாம். ரசீது, வங்கி ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் பொருளாதாரக் குற்றப்பிரிவுல புகார் கொடுங்க. டெபாசிட்தாரர்களைப் பாதுகாக்கற 1997 தமிழ்நாடு சட்டத்துல சொத்தை முடக்கி, வித்துப் பணம் திருப்பித் தர வழி இருக்கு. நாளாகும், முழுசா கிடைக்காமலும் போகலாம். ஆனா புகார் கொடுத்தாதான் அந்தப் பட்டியல்ல உங்க பேர் வரும்.

மிட்டாய் கம்பெனியை ஞாயித்துக்கிழமை வீட்டுல நடத்திப் பாருங்க. பிள்ளை கேக்கற கேள்வியை எழுதி வைங்க. அதுல ஒண்ணாவது பெரியவங்க கேக்க மறந்த கேள்வியா இருக்கும்.