டேங்கைக் கழற்றத்தான் வேண்டுமா?

நானும் நண்பரும் டிராம்பே கோலிவாடாவில் ஒரு பழைய மீன்பிடிப் படகை வாங்கிப் புதுப்பிக்கிறோம். தளத்துக்கு அடியில் இருக்கும் இரும்பு டீசல் டேங்க் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. கழற்றித்தான் ஆக வேண்டுமா?
– வாசகர், செம்பூர்

கழற்றிவிடுங்கள். நீங்கள் பார்த்தது மேல்பக்கம். டேங்க் கெடுவது அடியில். டீசலைவிடத் தண்ணீர் கனம். உள்ளே வேர்த்துச் சேரும் நீர் அடியில் தங்கி இரும்பை அரிக்கும். வெளியே, டேங்க் உட்கார்ந்திருக்கும் மரக்கட்டை உப்பு ஈரத்தைப் பிடித்துவைத்து அதே வேலையைச் செய்யும்.

ஸ்பேனரைத் தொடுமுன் டேப்பை எடுத்து, டேங்க் தளத்தின் திறப்பு வழியே வருமா என்று அளந்துவிடுங்கள். சில படகுகளில் டேங்கை இறக்கிய பிறகுதான் மேல்தளமே அடித்திருப்பார்கள்! பிறகு பேட்டரி இணைப்பை எடுத்து, கைப்பம்பால் டீசலை இறைத்து, ஒவ்வொரு குழாயிலும் அடையாளச் சீட்டு கட்டிக் கழற்றுங்கள்.

வெளியே வந்ததும் அடித்தகட்டைச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, சொத்தென்றால் தகடு மெலிந்துவிட்டது. சந்தேகமிருந்தால் எல்லா வாய்களையும் அடைத்து, சைக்கிள் பம்பால் 3 பிஎஸ்ஐ மட்டும் காற்றேற்றி, வெல்டு ஓரங்களில் சோப்பு நுரை தடவுங்கள். கம்ப்ரஸர் வேண்டாம், டேங்க் உப்பிவிடும்.

ஓட்டை தெரிந்தால் தாராவிப் பட்டறைக்கு அப்படியே தூக்கிப் போகாதீர்கள். காலி டேங்கில் தங்கிய ஆவி வெல்டிங் பொறியில் வெடிக்கும். நன்றாகக் கழுவி, ஆவியைப் போக்கிய பிறகே வெல்டிங். அடித்தகடு முழுக்க அரித்திருந்தால் ஒட்டுப்போடாமல் புதிதாகவே செய்துவிடுங்கள்.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். ஊர்ப் படகெல்லாம் கரையேறும், மெக்கானிக் கிடைக்கமாட்டார். அதற்குமுன் முடித்துக்கொள்ளுங்கள்.