கட்டும் முன்பே ஹாலின் ஓசையைக் கேட்கலாம்!

பிள்ளைப்பாக்கம் சிப்காட் பக்கத்தில் என் சித்தப்பா ஒரு டியூஷன் ஹால் கட்டுகிறார். பிளானை நீட்டி, "ஏம்ப்பா, வாத்தியார் பேசுறது கடைசி பெஞ்சுக்குப் புரியுமான்னு உன் கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்லேன்" என்றார். முன்பு வாடகைக்கு எடுத்த ஹாலில் ஒரு சொல் அடங்கும் முன் அடுத்த சொல் வந்து அதன் மேல் விழும். பாடம் புரியாமல் பாதிப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். அந்தப் பயம் அவருக்கு.

பேச்சு நின்ற பிறகும் ஒலி சுவர்களில் மோதிச் சுற்றும். அது 60 டெசிபல் குறைய ஆகும் நேரமே எதிர்முழக்க நேரம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன் 1895-ல் இதை ஆராயத் தொடங்கி ஒரு சூத்திரம் கண்டார். அவர் கணக்குப்படி அமைந்த பாஸ்டன் சிம்பொனி ஹால் 1900-ல் திறக்கப்பட்டது. சூத்திரம் இதுதான்:

எதிர்முழக்க நேரம் = 0.161 × கனஅளவு ÷ மொத்த உறிஞ்சல்

இதற்கு எக்ஸெல் போதும். முதல் பத்தியில் பரப்பின் பெயர், இரண்டாவதில் சதுர மீட்டர், மூன்றாவதில் உறிஞ்சல் எண் டைப் செய்யுங்கள். நான்காவதில் இரண்டையும் பெருக்கி, கடைசியில் கூட்டுங்கள். 500 ஹெர்ட்ஸில் பூச்சுச் சுவர், கான்கிரீட், டைல்ஸ் தரைக்குச் சுமார் 0.02 போடலாம். ஒலி உறிஞ்சும் சீலிங் பலகைக்கு நான் 0.7 போட்டேன். வாங்கும் பலகையின் கேட்லாக்கைப் பார்த்துப் போடுங்கள்.

சித்தப்பாவின் ஹால் 12 மீட்டர் நீளம், 8 அகலம், 4 உயரம். கனஅளவு 384, மொத்தப் பரப்பு 352. ஜன்னலை மூடிய காலி ஹாலுக்கு வந்த விடை 8.8 விநாடி! ஒருவருக்கு 0.4 வீதம் 60 பேரைச் சேர்த்தாலும் 2 விநாடி. இந்த அளவு வகுப்பறை, ஆள் இல்லாதபோதே 0.7 விநாடியைத் தாண்டக்கூடாது என்கிறது 2002-ல் வந்த அமெரிக்கத் தரம்.

சீலிங் முழுவதும் பலகை போட்டுப் பார்த்தேன். 0.85 ஆனது. பின்சுவரில் 24 சதுர மீட்டருக்கும் போட்டதும் 0.7-க்கு வந்துவிட்டது.

எண் சொன்னால் சித்தப்பா நம்புவாரா? போர்வைகள் தொங்கவிட்ட அறையில் என் குரலைப் பதிவு செய்து, இலவச ஆடாசிட்டியின் எஃபெக்ட் மெனுவில் ரிவெர்ப் கிளிக் செய்து, அளவைக் கூட்டியும் குறைத்தும் கேட்க வைத்தேன். இது தோராயம்தான். ஹாலின் வடிவத்தையும் சேர்த்துக் கணக்கிட ஓடியான், இலவசமான ஐ-சிம்பா போன்ற சாப்ட்வேர்கள் உண்டு.

ஒரு எச்சரிக்கை. திறந்த ஜன்னலின் உறிஞ்சல் எண் 1. அதைவிட நல்ல உறிஞ்சி இல்லை. ஆனால் அதன் வழியே லாரி சத்தம் உள்ளே வரும். அது இந்தக் கணக்கில் வராது.

குரலைக் கேட்ட சித்தப்பா, முகப்பு கிரானைட்டை விட்டுவிட்டு அந்தப் பணத்தைச் சீலிங்குக்கு ஒதுக்கிவிட்டார். வீடோ ஹாலோ கட்டுகிறீர்களா? கொத்தனார் வரும் முன்பே எக்ஸெலைத் திறந்துவிடுங்கள்!