ஒரே தேதி, வெவ்வேறு நாள்

ஆண்டுதோறும் ஏப்ரல் 23-ஆம் தேதி, உலகப் புத்தக தினம் என்று நூலகங்களில் நடக்கும் கூட்டங்களில் மேடையேறும் பிரசங்கிகள் யாவரும், முன்பே பேசி வைத்துக்கொண்டவர்கள் போல, ஆங்கில மகாகவி ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய தேசத்துச் செர்வாண்டிஸும் 1616-ஆம் ஆண்டில் ஒரே நாளில் மரணமடைந்தார்கள் என்றும், அது தெய்வ சங்கற்பமே என்றும் தழுதழுத்த குரலில் சொல்லி வருகிறார்கள். புத்தகத்தின் பெருமையைப் பேச வந்தவர்கள், ஒரு புத்தகத்தையேனும் புரட்டிவிட்டு வந்திருக்கலாகாதா?

ஜூலியஸ் சீசர் காலந்தொட்டு வழங்கிய கணக்கில் ஆண்டொன்றுக்குச் சுமார் பதினொரு நிமிஷம் வீதம் சேர்ந்துவிட்ட பிழையைக் களையும் பொருட்டு, 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரெகோரி பத்து நாட்களைத் தள்ளிவிடும்படி ஆக்ஞாபித்தபோது, கத்தோலிக்க ஸ்பெயின் தாமதியாமல் இசைந்து அக்டோபர் 4-க்கு மறுநாளை 15 என்று எழுதிக்கொள்ள, போப்பின் பெயரைக் கேட்டாலே முகம் சுளித்த இங்கிலாந்தோ 1752 வரையில் பழைய கணக்கையே பிடிவாதமாய்ப் பற்றிக்கொண்டிருந்தது. ஆகவே, ஸ்ட்ராட்போர்டில் ஷேக்ஸ்பியர் கண்மூடிய ஏப்ரல் 23, மாட்ரிட் நகரத்தில் மே 3 ஆகிவிட்டது. செர்வாண்டிஸ் காலமானதோ ஏப்ரல் 22. 23 என்பது அவரை அடக்கம் செய்த தேதி. ஆக, இருவர் மரணத்துக்கும் இடையே பதினொரு நாள் ஓடியிருக்கிறது.

சாசனங்களின் காலத்தை ஆராயும் எங்களைப் போன்றோர், தேதியை நம்புவதற்கு முன் கிழமையைத்தான் விசாரிப்போம். திதியும் நட்சத்திரமும் கிழமையும் ஒத்து வராத கல்வெட்டைச் சந்தேகத்தோடுதான் படிப்போம். கிரெகோரியின் திருத்தம் தேதியைத் தள்ளியதேயன்றிக் கிழமை வரிசையைத் தொடவில்லை; அந்த அக்டோபர் 4 வியாழன், மறுநாளான 15 வெள்ளி. அவ்வழியே கணக்கிட்டுப் பார்த்தால், செர்வாண்டிஸ் இறந்தது வெள்ளிக்கிழமை. ஷேக்ஸ்பியர் இறந்தது செவ்வாய்க்கிழமை. வெள்ளியும் செவ்வாயும் ஒரே நாள் என்று எந்தப் பஞ்சாங்கக்காரரிடம் போய்ச் சொல்வது!

ஷேக்ஸ்பியர் பிறந்ததும் அதே 23 என்பது வெறும் அனுமானம். 1564 ஏப்ரல் 26-இல் ஞானஸ்நானம் பெற்றதற்கு மட்டுமே பதிவு உண்டு. கலிலியோ மறைந்த 1642-லேயே நியூட்டன் அவதரித்தார் என்பதும் இவ்வகையே. நியூட்டன் பிறந்த கிறிஸ்துமஸ் நாளில், கலிலியோவின் இத்தாலியில் 1643 ஜனவரி 4 ஆகியிருந்தது. ரஷ்யர்கள் அக்டோபர்ப் புரட்சியை நவம்பர் 7-இல் கொண்டாடியதை எள்ளி நகைப்போர், அவர்களுடைய பழைய கணக்கில் அது அக்டோபர் 25 என்பதை அறியாதவர்கள்.

இத்தனைக்கும் காரணம், காலக்கணிதம் நம் கல்லூரிகளில் அநாதையாய்க் கிடப்பதுதான். சென்னைச் சட்டசபையின் தலைவராகவும் விளங்கிய எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை, கி.பி. 700 முதல் 1799 வரைக்குமான பஞ்சாங்கக் கணக்கைப் பல பாகங்களாகத் தொகுத்து 1922-இல் வெளியிட்டிருக்கிறார். சரித்திர மாணவர்களுக்கு அந்த அட்டவணைகளில் ஒரு பருவமேனும் பயிற்சி அளிக்க வேண்டும். தேதிகளை ஒப்பிக்கச் சொல்லும் பரீட்சைத் தாளில், அன்று என்ன கிழமை என்ற வினாவும் இடம்பெற வேண்டும்.