காயில் வெட்டிய காரில் ‘டொம்’ சத்தம்

கார் தாழ்வாகத் தெரியணும் என்று முன் காயில் ஸ்பிரிங்கை வெட்டுவார்கள். பிறகு “பள்ளத்தில் இடிக்குது, ஷாக் அப்சார்பர் போச்சு” என்று வருவார்கள். உடனே புதுசு மாட்டிடாதீங்க.

வகுப்பில் படித்ததுதான். ஸ்பிரிங்கின் விறைப்பு சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். வேலை செய்யும் 6 சுற்றில் 1 போனால் விறைப்பு 20 சதவீதம் கூடும். ஆனால் கார் 40 மி.மீ. இறங்கினால், சக்கரம் மேலே ஏறும் இடமும் ஏறத்தாழ அவ்வளவு குறையும். ஸ்ட்ரட் போய் பம்ப் ஸ்டாப் ரப்பரில் மோதுவதே அந்த ‘டொம்’.

ஸ்ட்ரட் ராடில் ஒரு நைலான் டையை லேசாகக் கட்டி, கீழே இறக்கிவிட்டு, வண்டியை ஓட்டிப் பாருங்கள். டை பம்ப் ஸ்டாப் வரை ஏறியிருந்தால் இடம் போதவில்லை என்று அர்த்தம். புது ஷாக் போட்டாலும் இடிக்கும்.

அடுத்து, ஜாக்கி ஏற்றி ஸ்டாண்டு வையுங்கள். தொங்கும் சக்கரத்தில் ஸ்பிரிங் தன் தட்டில் தளர்ந்து ஆடினால் ‘டங்’ சத்தம் அங்கிருந்துதான். அது நழுவினால் ஆபத்து. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது லூஸ் தெரிந்தால், பால் ஜாயிண்டையும் வீல் பேரிங்கையும் பாருங்கள்.

வெட்டிய ஸ்பிரிங்கை மாற்றச் சொன்னால் வண்டிக்காரர் கோபிப்பார். கோபிக்கட்டும், சொல்லுங்கள். அந்தக் காரில் ஒரு குடும்பம் போகிறது.