டயாலிசிஸ் வீட்டில் நன்றியுணர்வு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சிறுநீரகங்கள் முற்றிலும் செயலிழந்தவருக்கு ஹீமோடயாலிசிஸ் வழக்கமாக வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம். செலவையும் தூரத்தையும் உத்தேசித்து இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்பவர்கள் இந்தியாவில் ஏராளம். மூன்று முறை போனாலும், வாரத்தின் 168 மணி நேரத்தில் இயந்திரத்தோடு கழிவது 12 மணி நேரம்தான். மீதியில் பெரும்பகுதி வீட்டில் போகிறது. தண்ணீரை அளப்பது, காய்கறியை வேகவைத்து நீரை வடிப்பது, காலையில் எடை பார்ப்பது, மாத்திரைகளைப் பிரித்து வைப்பது என்று அந்த வீட்டின் நாளே நோயைச் சுற்றி அமைந்துவிடுகிறது. கூடவே ஓர் எதிர்பார்ப்பும் வந்து சேர்கிறது: நோயாளி நன்றியோடு இருக்க வேண்டும். அதையொட்டிப் புழங்கும் நம்பிக்கைகளில் சில பாதி உண்மை. சில நோயாளிக்குக் கெடுதலே செய்பவை.

நம்பிக்கை: டயாலிசிஸ் வந்துவிட்டால் மகிழ்ச்சிக்கு இடமில்லை, நன்றி, நிறைவு எல்லாம் வெளிவேஷம்.

நோயில்லாதவர்கள் நோயாளியின் வாழ்க்கையைக் கற்பனை செய்து பார்த்துச் சொல்வது இது. ஜேசன் ரீஸ், பீட்டர் உபெல் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை நேராகவே சோதித்தது. ஹீமோடயாலிசிஸ் செய்துகொள்ளும் 49 பேர், வயது முதலியவற்றில் அவர்களுக்கு இணையான, நோயில்லாத 49 பேர் என இரு தரப்பிடமும் கையடக்கக் கருவி தரப்பட்டது. ஒரு வாரம் அது நினைத்த நேரத்தில் ஒலிக்கும். அந்த நொடியில் மனம் எப்படி இருக்கிறது என்பதைப் பதிய வேண்டும். இரு தரப்பின் மனநிலையிலும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. நோயில்லாதவர்களோ, தங்களுக்கு டயாலிசிஸ் வந்தால் நாளின் பெரும்பகுதி துயரத்திலேயே கழியும் என்று கணித்திருந்தார்கள். நோயாளிகளும் மறுபக்கத்தைத் தவறாகவே கணித்தார்கள்: இந்த நோய் வராமல் இருந்திருந்தால் எவ்வளவோ சந்தோஷமாக இருந்திருப்போம் என்று மிகையாக எண்ணினார்கள்.

சிறிய ஆய்வுதான். அதை வைத்துக்கொண்டு டயாலிசிஸ் ஒரு பொருட்டே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நோயாளி சிரித்தால் அது நடிப்பு என்று முடிவுகட்டுவதற்கு ஆதாரமில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர் ஊசியையும் இயந்திரத்தையும் பார்க்கிறார். உள்ளே இருப்பவருக்கு அன்றைய கிரிக்கெட், பேத்தியின் மதிப்பெண், பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் முன்போலவே இருக்கின்றன.

நம்பிக்கை: நன்றி சொல்லப் பெரிய காரணம் வேண்டும்.

டயாலிசிஸ் வீட்டில் இது தலைகீழாக நடப்பதைத் தண்ணீரில் பார்க்கலாம். சிறுநீர் அறவே நின்றுவிட்டவருக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர், ஒரு லிட்டர் என்று மருத்துவர் ஆளுக்கு ஏற்ப வரம்பு வைப்பார். அந்தக் கணக்கில் வருவது குடிநீர் மட்டுமல்ல. ரசம், மோர், கஞ்சி, காபி, மாத்திரை விழுங்கும் மடக்கு எல்லாம் சேர்த்தி. பல வீடுகளில் ஒரு உபாயம் உண்டு. காலையிலேயே அன்றைய அளவை ஒரு பாட்டிலில் நிரப்பி வைப்பார்கள். அரை டம்ளர் காபி குடித்தால் பாட்டிலிலிருந்து அரை டம்ளர் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மாலையில் பாட்டிலின் அடியில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறதோ அதுதான் இரவுக்கு. பெரிய டம்ளரை எடுத்து வைத்துவிட்டுச் சின்ன டம்ளருக்கு மாறுவதும், சித்திரை வெயிலில் ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொள்வதும் இதன் நீட்சி. ஐஸ் உருகும்வரை நாக்கு நனைந்திருக்கும். கணக்கில் ஏறுவதோ ஒரு மடக்கு அளவுதான்.

இப்படி அளந்து குடிப்பவருக்கு ஒரு மடக்கின் அருமை தெரிகிறது. அதற்காக இந்தக் கட்டுப்பாட்டையே ஒரு பாக்கியம் என்று வருணிப்பது அபத்தம். தாகம் தாகம்தான். அந்த மடக்கு சுகமாக இருப்பதும், அது போதாமல் இருப்பதும் ஒருசேர உண்மையாக இருக்கக்கூடும். நோய்க்காலத்து நன்றியுணர்வு பெரும்பாலும் இந்தக் கலவையாகத்தான் இருக்கிறது.

நம்பிக்கை: நன்றியோடு இருந்தால் நோய் குறையும்.

செயலிழந்த சிறுநீரகத்தை எந்த மனநிலையும் திரும்பக் கொண்டுவராது. ஆய்வுகள் காட்டும் பலன் இதைவிட அடக்கமானது. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா இருவரும் 2003-இல் வெளியிட்ட பெயர்பெற்ற ஆய்வுத் தொகுப்பில் நரம்புத்தசை நோய் கொண்ட 65 பேரும் இடம்பெற்றனர். 21 நாட்கள் நன்றிக்குரியவற்றை எழுதியவர்களின் மனநிலை எழுதாதவர்களைவிட மேம்பட்டிருந்தது. தூக்கமும் சற்றுக் கூடியது. தசைநோய் குணமானதாக அவர்கள் சொல்லவில்லை. 27 ஆய்வுகளைத் தொகுத்து கிரெக், சீவன்ஸ் என்ற இருவர் பின்னாளில் ஆராய்ந்தபோது, மனச்சோர்வையும் பதற்றத்தையும் இத்தகைய பயிற்சிகள் குறைப்பது சொற்பமே என்று தெரிந்தது. புற்றுநோயில் இந்தக் கேள்வி இன்னும் நேரடியாகக் கேட்கப்பட்டிருக்கிறது. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய் கொண்ட 1,093 பேரை வைத்து ஜேம்ஸ் கோய்னும் உடன் பணியாற்றியவர்களும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், மனநலம் நன்றாக இருந்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாகத் தெரியவில்லை.

இந்த நம்பிக்கையின் பின்விளைவு கொடியது. மனம் வைத்தால் நோய் குறையும் என்றால், குறையாதபோது பழி நோயாளியின் மனத்தின் மேல் விழும்.

நம்பிக்கை: உயிர் பிழைத்திருப்பதே பெரிது, அதிலும் இலவச சிகிச்சை, குறை சொல்பவர் நன்றி கெட்டவர்.

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர், கையில் நிரந்தரமாகப் பொருத்தக்கூடிய டெஃப்லான் குழாயை உருவாக்கினார். அதுவரை ஒவ்வொரு முறையும் ரத்தக்குழாய் சேதமடைந்ததால் ஒருவருக்குச் சில தடவைகளுக்கு மேல் டயாலிசிஸ் செய்ய இயலவில்லை. புதிய குழாயால் ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருக்க முடிந்தது. ஆனால் இயந்திரங்கள் சில, காத்திருந்தவர்கள் பலர். யாருக்கு இடம் என்பதை முடிவு செய்ய உள்ளூர்க்காரர்கள் அடங்கிய குழு ஒன்று அமைக்கப்பட்டது. வருமானம், குடும்பப் பொறுப்பு, தேவாலயத்துக்குப் போகும் வழக்கம் வரை அந்தக் குழு அலசியதை 1962-இல் லைஃப் பத்திரிகை வெளிக்கொண்டுவந்தபோது பெரும் சர்ச்சை எழுந்தது. சிகிச்சை ஒரு சலுகையாக இருந்த அந்த நாளில், நல்லவராகவும் நன்றியுள்ளவராகவும் தோன்ற வேண்டிய கட்டாயம் நோயாளிக்கு இருந்தது. 1972-இல் அமெரிக்கா டயாலிசிஸ் செலவை மெடிகேர் எனும் அரசுக் காப்பீட்டின் கீழ்க் கொண்டுவந்தது. இந்தியாவில் ஏழைகளுக்கு இலவச டயாலிசிஸ் தரும் தேசியத் திட்டம் 2016-இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் டயாலிசிஸ் அடங்கும். வரிப்பணத்தில் நடக்கும் சிகிச்சைக்குத் தலைகுனிந்து நிற்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

மருத்துவக் கணக்கிலும் வாய்மூடி இருப்பது ஆபத்து. டயாலிசிஸின்போது கெண்டைக்கால் சதை பிடித்து இழுத்தால், உடலிலிருந்து நீர் வேகமாக உறிஞ்சப்படுகிறது என்று பொருள் இருக்கலாம்; செவிலியரிடம் சொன்னால் வேகத்தைக் குறைப்பார், அடுத்த முறைக்கான எடை இலக்கையும் மருத்துவர் திருத்தக்கூடும். கழுத்தில் குழாய் பொருத்தியவருக்குக் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் ரத்தத்தில் கிருமி கலந்ததன் அறிகுறியாக இருக்கலாம். கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) உள்ளவர் அந்த இடத்தைத் தொட்டால் ஓர் அதிர்வு தெரியும். அது நின்றுபோனால் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். விடிய விடிய அரிக்கும் தோலுக்கும் வைத்தியம் உண்டு. "அவங்களுக்கு எதுக்குத் தொந்தரவு" என்று இவற்றை விழுங்கிக்கொள்ளும் நோயாளியைப் பொறுமைசாலி என்று வீட்டார் மெச்சுவது கெடுதலில் முடியும். செவிலியர் மேல் உண்மையான நன்றி இருப்பவரும் அவரிடம் புகார் சொல்லலாம், இரண்டுக்கும் பகையில்லை.

நம்பிக்கை: "உன்னைவிட மோசமா இருக்கிறவங்க எத்தனை பேரு!" என்று சொன்னால் மனம் தேறும்.

தம்மைவிட மோசமான நிலையில் இருப்பவரோடு நோயாளிகள் தாமாகவே ஒப்பிட்டுக்கொள்வது உண்மை. மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களிடம் ஜோஆன் உட், ஷெல்லி டெய்லர் முதலியோர் நடத்தி 1985-இல் வெளியான ஆய்வு இதைப் பதிவு செய்திருக்கிறது. தானாக எழும் எண்ணம் ஆறுதல். அதையே நலமாக இருக்கும் மைத்துனர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்லும்போது, பேச்சை நிறுத்து என்றுதான் காதில் விழும். டயாலிசிஸ் கூடத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வாரக்கணக்கில் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர் ஒருநாள் வரமாட்டார். அவரைக் காட்டி ஆறுதல் சொன்னால் கேட்பவருக்குத் தோன்றுவது நிம்மதி இல்லை. அடுத்தது யார் என்ற கேள்விதான்.

நம்பிக்கை: நன்றிக் குறிப்பை நாள் தவறாமல் எழுத வேண்டும்.

தேவையில்லை. சோன்யா லுபோமிர்ஸ்கி குழுவினர் 2005-இல் விவரித்த ஆறு வாரச் சோதனையில், வாரம் ஒருமுறை எழுதியவர்களிடமே மகிழ்ச்சி கூடியது. வாரம் மூன்று முறை எழுதியவர்களிடம் கூடவில்லை. ஏற்கெனவே மாத்திரை, எடை, தண்ணீர் என்று அட்டவணையில் வாழ்பவருக்கு இன்னொரு கட்டாயம் எதற்கு? ஃபிஸ்டுலா உள்ள கையாலேயே எழுத வேண்டியவருக்கு, ஊசி குத்தியிருக்கும் வேளையில் நோட்டுப் புத்தகமே சுமை.

நம்பிக்கை: வீட்டு மனிதருக்குள் நன்றி எதற்கு? சொன்னால் அந்நியமாகிவிடும்.

உருளைக்கிழங்கைத் தோல் சீவிப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிறகு தாளிப்பது பொட்டாசியத்தைக் குறைக்கும் முறை. வீட்டில் எல்லோருக்கும் ஒரு பொரியல், ஒருவருக்கு மட்டும் இது. சோடியம் குறைந்த உப்பு என்று விற்கும் பாக்கெட்டில் பொட்டாசியம் இருக்கும் என்பதால் கடையில் ஒவ்வொன்றையும் படித்து வாங்க வேண்டும். இந்த வேலை செய்பவர் பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள். ஒரு வருடம் போனால் இது யார் கண்ணிலும் படாது.

தம்பதியரின் நாட்குறிப்புகளை வைத்து சாரா ஆல்கோ குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் நன்றியை உணர்ந்த நாளுக்கு மறுநாள் இருவருக்குமே நெருக்கம் கூடியது. நன்றி தெரிவிப்பவர் அதனால் அதைப் பெறுபவருக்கு ஏற்படும் சங்கடத்தை மிகையாகவும், மகிழ்ச்சியைக் குறைவாகவும் எண்ணுகிறார் என்று அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் 2018-இல் காட்டினார்கள். பெரிய வசனம் வேண்டியதில்லை. "இன்னைக்குக் கிழங்கு நல்லா இருந்துச்சு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சியா?" என்று கேட்டாலே, உப்பில்லாச் சமையலுக்குப் பின்னால் இருந்த யோசனை கவனிக்கப்பட்டது என்று புரியும்.

மறுபக்கமும் சொல்லியாக வேண்டும். எல்லா உதவியும் நன்றியை வளர்ப்பதில்லை. தேர்வு நெருக்கடியில் இருந்தவர்களையும் அவர்களின் துணைவர்களையும் வைத்து நையல் போல்கரும் உடன் பணியாற்றியவர்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், பெறுபவர் அறியாமல் செய்த உதவியே நன்றாகப் பலித்தது. வெளிப்படையாகத் தெரிந்த உதவி சில வேளை மனத்தைத் தளர்த்தியது. எப்போதும் வாங்குபவராகவே இருப்பது யாருக்கும் கூசும். கீரை ஆய்வது, பூத்தொடுப்பது, வீட்டுக் கணக்கு எழுதுவது, பிள்ளைக்குப் பாடம் சொல்வது ஆகியவற்றை டயாலிசிஸ் தடுக்காது. அந்த வேலைகளை "நீங்க சும்மா இருங்க" என்று பிடுங்கிக்கொள்ளும் வீட்டில் நன்றி கடனாக மாறிவிடுகிறது.

நம்பிக்கை: எதிலும் நன்றியுணர்வே வரவில்லை என்றால் மனத்திடம் போதவில்லை.

டயாலிசிஸ் நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் இருப்பதாக ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. அசதி, பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை சிறுநீரக நோயிலும் வரும் என்பதால் அது எளிதில் தப்பிவிடுகிறது. முன்பு பிடித்த எதுவும் இரண்டு வாரத்துக்கு மேல் பிடிக்காமல் போவது, டயாலிசிஸுக்கே வரமாட்டேன் என்பது, இருந்து என்ன பயன் என்ற பேச்சு ஆகியவற்றைக் கண்டால் அறிவுரையை விட்டுவிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். டெலி மானஸ் எனும் அரசு மனநல உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம். மனநல மருத்துவரிடம் போகும்போது டயாலிசிஸ் விவரத்தையும் மாத்திரைப் பட்டியலையும் கையோடு கொண்டுபோவது அவசியம். சில மருந்துகளின் அளவை சிறுநீரகச் செயலிழப்புக்குத் தக்கபடி மாற்ற வேண்டியிருக்கும்.